கோயிலில் குடியேற வந்த ஜமீன்தார்

அந்திப் பூசை முடித்துப் பூசாரி கருவறையைப் பூட்டும்போது ஜமீன்தார் வந்து நின்றார்.

"கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. ஆகக் கோயில் என் வீடு. இன்றே குடிவருகிறேன். நீ மூட்டையைக் கட்டு."

கோயில் கூட்டும் பெருமாயியிடம்தான் அப்படிச் சொன்னார். அவளுக்கு மதிலோரக் குடிசையை விட்டால் போக்கிடமில்லை.

"ஆகட்டும் எஜமான்," என்றாள் பெருமாயி. "ஒரு வழக்கம் உண்டு. பூட்டின பிறகு உள்ளேயிருந்து யார் தட்டினாலும் விடியும்வரை திறக்க மாட்டோம்."

"உள்ளே யாருடி தட்டுவது?"

"இதுவரைக்கும் தெரியாது. இனிமே எஜமான்தான்னு நினைச்சுக்குவோம்."

பூட்டிய கதவை உள்ளிருந்து யாரோ மெல்லத் தட்டினார்கள்.

ஜமீன்தார் படியிறங்கினார். "அதெல்லாம் அந்தக் காலத்து அர்த்தம். இப்போது கோயில் என்றால் சாமி வீடுதான்."

அவர் வண்டி மறைந்ததும் பூசாரி கேட்டார். "அப்படியொரு வழக்கம் நமக்கு ஏது, பெருமாயி?"

"கிடையாது பூசாரியய்யா. அப்போ உள்ளே தட்டினது யாரு?"