பத்தாம் தேதி வராத காற்று

கணவாய்க் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. காட்டின் காற்றாலைக்கு அதுதான் பொறுப்பு. ஆடி மாதக் காற்றில் தேவைக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். அப்போது மோட்டாரைப் போட்டு, குன்றின் உச்சியில் இருந்த குட்டைக்குத் தண்ணீரை ஏற்றி வைக்கும். காற்று நின்ற நாட்களில் மடையைத் திறந்தால், தண்ணீர் கீழே விழுந்து சக்கரம் சுற்றும். மின்சாரம் வரும்.

அந்த ஆண்டு வைகாசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. காற்று இல்லாததால் காற்றாலை நின்றது. புழுக்கத்தால் எல்லாக் குகைகளிலும் மின்விசிறி ஓடியது. குட்டை பாதியாகிவிட்டது.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்க. மயிலக்கா அடை காக்கிறா. அவ குகையில விசிறி நின்னா அஞ்சு முட்டையும் வெந்துடும்," என்றது முள்ளம்பன்றி.

உடம்பெல்லாம் ரோமம் வைத்திருக்கும் கரடிக்குப் பொறுக்கவில்லை.

"போன வருஷம் வைகாசி பத்தாம் தேதி காத்து வந்துச்சா இல்லையா? இன்னும் ரெண்டே நாள். மடையை முழுசாத் திற!"

போன வருஷம் அப்படித்தான் வந்தது. மனது உறுத்தினாலும் முள்ளம்பன்றி மடையைத் திறந்துவிட்டது.

பத்தாம் தேதி வந்தது. காற்று வரவில்லை. பன்னிரண்டாம் தேதியும் வரவில்லை. குட்டையில் அடித்தண்ணீர்தான் மிச்சம். முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் தப்புப் பண்ணிட்டேன். இருக்கிற தண்ணி ஒரே ஒரு விசிறிக்குத்தான் காணும்," என்று எல்லோரிடமும் சொன்னது.

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு தன் விசிறியை நிறுத்திவிட்டு மயிலின் குகைக்கு நடந்தது. மானும் முயலும் பின்னாலேயே போயின. நரி முனகிக்கொண்டே போனது. ஒரே விசிறிக்குக் கீழே காடே நெருக்கியடித்துப் படுத்தது. முள்ளம்பன்றி மட்டும், யாரையாவது குத்திவிடுவோமோ என்று வாசலில் வெயிலில் நின்றது.

"முள்ளை மடக்கிக்கிட்டு உள்ள வா," என்று கரடி நகர்ந்து இடம் விட்டது.

இருபத்து மூன்றாம் தேதி காற்றாலை கிறீச்சிட்டது. அதற்கு முந்தின நாள்தான் முட்டைகள் பொரிந்திருந்தன. ஐந்தில் நான்கு. குஞ்சுகள் கரடியின் ரோமத்துக்குள் புகுந்து விளையாடின. பொரியாத அந்த ஒன்றைக் கரடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் குன்றின் உச்சியில் மண் பறந்தது. கரடி குட்டையை ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் காத்து எப்ப வருமோ, யாரு கண்டா?" என்றது. முள்ளம்பன்றியும் ஓடிப்போய் மண் அள்ளியது.

போன வருஷத்துத் தேதியைப் பார்த்துக் காற்று வருவதில்லை. வீசும்போது சேர்த்து, வீசாதபோது பகிர்ந்துகொள்கிறவர்களே பிழைப்பார்கள்.