நாற்பது நாட்டுக்கு ஒரு சட்டி

நடுக்கடல் மீனைக் காப்பாற்றப் போகிறோம் என்று நாற்பது நாட்டுக் கோட்டுக்காரர்கள் ஒரு ஓட்டலில் கூடினார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை மீன் பிடிக்க அளவு கிடையாது, அதை அடுத்த வருஷம் பேசலாம் என்று தீர்மானம் போட்டுக் கைதட்டிக்கொண்டார்கள்.

மீன் கிடைக்காமல் படகை விட்டு அந்த ஓட்டலில் சமையலுக்கு வந்திருந்த ததேயுவைக் கூட்டத்தின் தலைவர் கூப்பிட்டார்.

"கடல் மாதிரி மீன் குழம்பும் பொது. ஒரே சட்டியில வை, யாருக்கும் அளவு சொல்லாதே. ஒருத்தருக்குக் குறைஞ்சாலும் உன் வேலை போச்சு."

ததேயு சட்டியை நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். முந்தினவர்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் கடைசியில் வந்த தலைவருக்கு வெறும் சட்டிதான் மிச்சம்.

"என் மீன் எங்கே?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

"எல்லாரும் ஒத்துக்கிட்ட பொறவு அளந்து வெளம்பலாம்னு இருந்தேன் சார்," என்றார் ததேயு. "உங்க பங்கை அடுத்த வருஷம் பேசிக்கலாம்."