கூப்பிடாமல் வந்த கூட்டம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தம்முடைய வசந்த விழாவின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. வருஷா வருஷம் சேவகர்கள் ஜனங்களை ஓட்டிவந்து பந்தலில் உட்கார வைப்பார்கள். வெளியூர் வித்வான்கள் பாடி முடித்ததும் ஜனங்கள் கை தட்டுவார்கள். ஆனால் அவர்கள் கண்ணெல்லாம் வாசல் பக்கமே இருக்கும். அதைக் கவனித்த ராஜாவுக்கு மனசு வலித்தது.

"இந்த ஆண்டு தண்டோரா கூடாது. சேவகர்கள் போகக் கூடாது. விழாவைப் பார்க்க வரும்படி ஒருவரையும் அழைக்கக் கூடாது. ஆனாலும் பந்தல் நிறைய வேண்டும். யார் நடத்துகிறீர்கள்?" என்று சபையில் கேட்டார்.

அதுவரை விழா நடத்திவந்த அமைச்சர் அம்பலவாணர் முந்திக்கொண்டார். "நம் விகடகவி மருதப்பனைவிடத் தகுந்தவர் யார், மன்னா? பந்தல் காலியாக இருந்தால் அவர் நாட்டை விட்டே போகட்டும்."

ராஜாவும் தலையசைத்துவிட்டார். மருதப்பன் வீட்டுக்குப் போக மனமில்லாமல் தெருத் தெருவாக நடந்தான். குயவர் தெருவில் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு மொத்தமும் வேலையைப் போட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்தது. இவர்களை யார் கூப்பிட்டார்கள்? மருதப்பன் அங்கேயே நின்று வெகுநேரம் யோசித்தான்.

"அம்மா, வசந்த விழாவில நீங்க ஆடணும்."

"நாங்களா? அரமனைப் பந்தல்லயா? கேலி பண்ணாதீங்க சாமி!"

"கேலியில்ல தாயி. என்னை நாடு கடத்திடாம காப்பாத்துங்க."

அப்படியே அமைச்சர்கள் குடியிருக்கும் தெரு வரைக்கும் ஒவ்வொரு தெருவிலும் ஆட்டக்காரர்களைப் பிடித்தான்.

விழாவன்று பந்தலில் கால் வைக்க இடமில்லை. ராஜா புருவத்தைச் சுருக்கினார். "மருதப்பா, என் கட்டளையை மீறினாயா?"

"ஆடுவதற்குத்தான் அழைத்தேன், மன்னா. பார்ப்பதற்கு ஒருவரையும் அழைக்கவில்லை. முன்வரிசையில் இருப்பவரையே கேளுங்கள்."

அங்கே தலைப்பாகை நழுவியதுகூடத் தெரியாமல் எம்பி எம்பிக் கை தட்டிக்கொண்டிருந்தார் அம்பலவாணர்.

"உம்மை யார் அழைத்தது, அமைச்சரே?"

அவர் குறுகிப்போனார். "யாரும் அழைக்கவில்லை, மன்னா. அந்தக் கும்மியில்... பச்சைப் பாவாடை கட்டியிருப்பது என் மகள்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராணி மட்டும் எந்த ஆண்டும் இந்த விழாவுக்கு வந்ததில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?" என்றார்.

"அடுத்த ஆண்டு தாங்கள் ஒரு பாட்டுப் பாடுங்கள், மன்னா."

அன்று சாயங்காலமே அரண்மனைக்குள் யாரோ தொண்டையைக் கனைத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டதாம்.