முதல் கொம்பை முறித்தவன் யார்?

குளம் உடைந்தது. தண்ணீர் ஓடியது. தலைப்பிரட்டைகள் பாதிக்கு மேல் செத்தன. உடைத்தவர்கள் பகைவர்கள் அல்ல, ரசிகர்கள்.

அந்தக் காட்டில் இரண்டு காட்டெருமைகள் இருந்தன. ஒருவன் கருந்திமில். மற்றவன் செங்கண்ணன். இருவரும் மோதலில் தோற்றதே இல்லை. ஆனால் ஒருவரோடொருவர் மோதியதும் இல்லை. ஒருவன் கிழக்கே மேய்ந்தால் மற்றவன் மேற்கே மேய்வான். கேட்டால், "அவன் வரட்டும்!" என்று இருவரும் சொல்வார்கள். எவனும் வரமாட்டான்.

சண்டை போடாத இருவருக்காகக் காடே சண்டை போட்டது.

தொண்டையன் என்ற தவளை கருந்திமிலின் பக்கம். உடம்பு ஒரு பிடி. குரல் ஒரு காதம். மண்வாயன் என்ற காட்டுப்பன்றி செங்கண்ணன் பக்கம். விடிந்தால் குளத்தங்கரையில் இருவருக்கும் இதே வேலை.

"உங்க ஆளு யாரையடா ஜெயிச்சான்? பல்லு போன கிழம், கால் ஒடிஞ்ச நொண்டி! பொறுக்கிப் பொறுக்கித்தானே மோதுறான்!" என்றான் மண்வாயன்.

"ஏன், மோழையை முட்டித் தள்ளினது யாரு?"

"கொம்பில்லாதவனை முட்டினது ஒரு முட்டா? அதை என் குட்டியே செய்யும்!"

"அவனுக்குக் கொம்பில்லாம பண்ணினதே நாங்கதாண்டா!"

மோழை ஒரு கிழ எருமை. மோழை என்றால் கொம்பில்லாதவன். பழைய பெயர் யாருக்கும் நினைவில்லை. ஒரு காலத்தில் அவனும் இந்தக் காட்டில் பெரிய கைதான். கருந்திமிலோடு மோதினான், ஒரு கொம்பு போயிற்று. செங்கண்ணனோடு மோதினான், இன்னொரு கொம்பும் போயிற்று. எது முதலில், எது பிறகு என்பதுதான் வழக்கு. முதலில் மோதியவன் முழு எருமையை ஜெயித்தான். பிறகு மோதியவன் அரை எருமையை ஜெயித்தான்.

ஒருநாள் இருவரும் அவனிடமே போனார்கள்.

"பெரியவரே! உங்க முதல் கொம்பை முறிச்சது யாரு?" என்று தொண்டையன் கேட்டான்.

மோழை அசைபோடுவதை நிறுத்தவில்லை. "ரெண்டும் வலிச்சுது. போங்கடா" என்றான்.

"தோத்தவனுக்கு என்ன தெரியும்!" என்றான் தொண்டையன்.

"அதானே!" என்றான் மண்வாயன். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"சரி, அதை விடு. கூட்டம் யாருக்குடா வரும்?" என்று மண்வாயன் அடுத்ததை எடுத்தான். "செங்கண்ணன் நின்னாப் போதும், மயில் ஆடுறதை விட்டுட்டு ஓடி வரும்!"

"கருந்திமில் தும்மினாலே மலை காலியாகும்! பார்த்துடலாமா?"

"பார்த்துடலாம்!"

அந்தக் காட்டில் கூட்டத்தைத் தலையால் அளப்பதில்லை. தலை ஓடிவிடும், தடம் நிற்கும். கூட்டம் கலைந்த பிறகு எவன் பக்கத்துச் சேற்றில் காலடி அதிகமோ, அவனே பெரியவன். மண்வாயன் மேல்கரையைப் பிடித்தான். தொண்டையன் கீழ்க்கரையைக் கேட்டு வாங்கினான். குளத்துத் தண்ணீர் முழுவதையும் தாங்கி நின்ற மண்கரை அதுதான்.

அவன் மனைவி பாசிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏங்க, இப்பப் பெய்த கோடை மழையில கீழ்க்கரை ஊறிக் கிடக்கு. நம்ம பிள்ளைகளுக்கு இன்னும் காலே முளைக்கலை. தண்ணி போனா அதுங்க எங்கே போகும்?"

"ஊறிக் கிடந்தாத்தாண்டி தடம் ஆழமா விழும்!"

"விழுந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"உனக்கு ஆட்டம் தெரியாது. சும்மா இரு!"

பாசி பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். வேறென்ன செய்வாள்?

குறித்த நாள் காலையில் தொண்டையன் கத்திய கத்தலில் மலை அதிர்ந்தது. மான் வந்தது. மிளா வந்தது. பன்றிகளிலேயே பாதி கட்சி மாறி வந்தன. கருந்திமில் கரைமேல் ஏறி நின்று திமிலை ஒருமுறை உலுக்கினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

எதிர்க்கரையில் செங்கண்ணன் வந்து நின்றான், அங்கேயும் கூட்டம் சேர்ந்தது. தொண்டையனுக்கு வயிறு எரிந்தது.

"வந்தவங்க அப்படியே போயிடாதீங்க! இன்னொரு சுத்து வாங்க! மிளா மாமா, பூப்போலக் காலை வைக்கிறீங்களே, நல்லா அழுத்தி மிதிங்க!"

அவர்கள் மிதித்தார்கள். எதிர்க்கரையில் மண்வாயனும் தன் கூட்டத்தைச் சுற்றவிட்டான். இவர்கள் இன்னும் மிதித்தார்கள்.

கரையில் ஒரு கீறல் விழுந்தது. தொண்டையன் அதையும் தடம் என்றே நினைத்தான்.

பிறகு கரை சரிந்தது. மான்கள் நாலு பக்கமும் சிதறின. தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

மண்வாயன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "டேய், கரையே போச்சேடா!"

"பின்னே! வந்த கூட்டம் அப்படி!" என்று தொண்டையன் தொண்டையை உப்பினான். "எங்க ஆளுக்கு வந்த கூட்டத்தைக் கரையாலேயே தாங்க முடியலை, பார்த்தியா!"

பின்னால் பாசி அலறினாள்.

அவன் திரும்பினான். வற்றிய ஓரத்துச் சேற்றில் பிரட்டைகள் வாலை அடித்துக்கொண்டு கிடந்தன. கொஞ்சம் தள்ளிக் கிடந்தவை வாலையும் அடிக்கவில்லை. உப்பிய தொண்டை சுருங்கியது.

கருந்திமில் மலைக்கு அப்பாலிருந்த ஓடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். தொண்டையன் தாவித் தாவிப் போய் அவன் முன்னால் விழுந்தான்.

"தலைவா! உடைப்பிலே கொஞ்ச நேரம் படுங்க! உங்க உடம்பு போதும், தண்ணி நிக்கும்! என் பிள்ளைங்க சாகுது!"

கருந்திமில் குனிந்து பார்த்தான். "நீ யாரு?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

மண்வாயன் செங்கண்ணனைக் கூப்பிட்டான். செங்கண்ணன் காதைக்கூட ஆட்டவில்லை.

இருவரும் வெறுங்கையோடு திரும்பியபோது உடைப்பின் முன்னால் மோழை நின்றுகொண்டிருந்தான்.

"எங்கே வேகமாப் போகுது?"

"நடுவிலே, ஐயா" என்றாள் பாசி.

மோழை இறங்கினான். தண்ணீர் அவனைத் தள்ளியது. முழங்காலை மடித்து, உடைப்புக்குக் குறுக்கே உடம்பைப் போட்டான். தண்ணீர் அவன் விலாவில் மோதித் திரும்பியது.

"வேடிக்கை பார்க்காதீங்க. மண்ணைப் போடுங்க."

மண்வாயன் மூக்கால் மண்ணைக் கெல்லிக் குவித்தான். சிதறிய மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து குளம்பால் மண்ணைத் தள்ளின. சாயங்காலத்துக்குள் குளத்தின் நடுவில் ஒரு சிறிய குட்டை மிஞ்சியது. அதில் பிழைத்த பிரட்டைகள் நெளிந்தன.

"எந்திரிங்க ஐயா, போதும்" என்றான் தொண்டையன்.

"எந்திரிச்சா மறுபடி போகும். ஈரமண்ணு இறுகலை. மழை வந்ததும் கரையை ஏத்திக் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்."

பல நாள் வெயில் காய்ந்தது. மான்கள் புல் கொண்டுவந்து வைத்தன. மோழை இரண்டு வாய் மென்றான். பிறகு வேண்டாம் என்றான்.

தொண்டையன் அவன் காதருகே உட்கார்ந்திருந்தான். "ஐயா, உங்க பழைய பேரு என்ன?"

"பேரு கிடக்கட்டும். பிள்ளைங்க எத்தனை மிச்சம்?"

"எண்ண மனசு வரலை, ஐயா."

மோழை கண்ணை மூடிக்கொண்டான்.

மழை வந்தது. கரையை ஏற்றிக் கட்டினார்கள். குளம் நிறைந்தது. மோழை எழவில்லை. பன்றியும் மானும் கூப்பிட்டுப் பார்த்தன. மண் அவன்மேல் இறுகிவிட்டது. அவன் உடம்பும் சில்லிட்டுவிட்டது.

பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. அவை அந்தக் கரைமேல் தாவி விளையாடின. கீழே இருப்பது என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. மேட்டில் வேறு ரசிகர்கள் கூடி, முதல் கொம்பை முறித்தவன் யார் என்று இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். தொண்டையன் அந்தப் பக்கம் போவதில்லை.

எவன் பெரியவன் என்று தொண்டை கிழியக் கத்துவதால் எவன் வீடும் நிற்காது, உடைந்த இடத்தில் உடம்பைக் கொடுப்பவனே பெரியவன். அன்று அந்தக் காட்டில் அப்படிக் கொடுத்தவன், இருவரிடமும் தோற்ற மோழை.