காவலில் வைத்த முட்டை

அந்தக் காலத்தில் மேகத்துக்குக் காதும் இருந்தது, நினைவும் இருந்தது. கீழே நின்று சொன்னதை வைத்திருந்து, கேட்கும்போது திருப்பிச் சொல்லும். அணில், விதை புதைத்த இடத்தைச் சொல்லி வைத்தது. இன்று ஆள்காட்டி என்கிறோமே, அந்தப் பறவை முட்டையிட்ட இடத்தைச் சொல்லி வைத்தது. கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கல் நிறத்தில் முட்டையிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதே! அப்போதெல்லாம் அது சத்தமே போடாத பறவை.

அது வாழ்ந்த தென்கரை நாட்டில் ஒரு சட்டம் உண்டு. மேகத்தில் வைத்தது காவலில் இருக்கும். வைத்தவரைத் தவிர யாரும் கேட்கக் கூடாது.

ஒரு நாள் தென்காற்று எழுந்து, மேகத்தை ஆற்றுக்கு அப்பால் வடகரைக்குத் தள்ளிவிட்டது. வடகரை, கீரி அரசாளும் நாடு. ஆள்காட்டி மேகத்தைத் தேடிக் கிளம்பியது. பறந்து போய், எல்லையில் நின்ற ஓணானிடம் கேட்டது.

“அண்ணே, எங்கள் மேகம் இங்கே வந்ததா?”

“வந்தது தாயி. காவலில்தான் இருக்கிறது.” ஓணான் தலையாட்டியது.

“அப்பாடா! யாரும் தொடவில்லையே?”

“ராஜாவைத் தவிர யாரும் தொடவில்லை.”

“ராஜாவா! காவலில் இருக்கிறது என்றீர்களே?”

“உங்கள் ஊரில் காவல் என்றால் பெட்டிக்குப் பூட்டு. எங்கள் ஊரில் காவல் என்றால் கைதிக்கு விலங்கு. பிடித்து வைத்தால் விசாரிக்க வேண்டாமா? நாலு முட்டையாமே, சந்தோஷம்!”

“அது எங்கள் நாட்டு மேகம், அண்ணே. எங்கள் சட்டம்...”

“காற்றில் மேகம்தான் வரும் தாயி. சட்டம் வராது.”

“ராஜா எங்கே?”

ஓணான் தென்கரைப் பக்கம் தலையாட்டியது.

ஆள்காட்டி பறந்தது. கீழே, கூழாங்கற்களுக்கு நடுவே கீரி மெல்ல வந்துகொண்டிருந்தது. “பிளந்த பாறைக்குக் கிழக்கே, காய்ந்த எருக்குக்கு அடியில்...” என்று மேகம் சொன்னதை முணுமுணுத்தபடி வந்தது. எருக்கஞ்செடி அதன் மூக்குக்கு எதிரே இருந்தது.

ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்தால் காட்டிக்கொடுத்ததாகும். சும்மா இருந்தால் முட்டை போய்விடும். ஆள்காட்டி, எருக்குக்கு வெகுதூரம் தள்ளி வெறுங்கல்லில் இறங்கியது; சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அடக்கி வைத்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தியது.

கீரி நின்றது. “மேகம் சொன்னது பழைய செய்தியோ? பெற்றவள் அங்கேயல்லவா கதறுகிறாள்!” என்று திரும்பியது. அது நெருங்க நெருங்க ஆள்காட்டி தத்தித் தத்தி விலகி, கத்திக் கத்தி, ஆற்றின் வளைவு வரைக்கும் அதை இழுத்துப்போய் வெறும் வயிற்றோடு விட்டது.

மேகத்தில் எதையாவது வைக்குமுன் அது எந்த நாட்டின் மேல் நிற்கும் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போது வந்ததுதான். கேட்காதவர்கள் இப்போதும் உண்டு. ஆள்காட்டிக்கு மட்டும் அந்தப் பயம் தெளியவே இல்லை. அன்று முதல்தான், யார் நிழல் விழுந்தாலும், அது முட்டை இல்லாத இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்துகிறது.