சத்தமில்லாத தேர்

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. பதிகம் பாடக் கற்றுக்கொடுக்கும் மடம். அதன் தலைவி தையல்நாயகி. ஊரில் எல்லோரும் அவரை அம்மை என்று அழைத்தார்கள். அவரிடம் பாடம் கேட்ட திருமேனி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

திருமேனிக்கு இருமுனை மனநோய் இருந்தது. டாக்டர் அந்தப் பெயரைச் சொல்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது அவரோடு இருந்தது. சில மாதங்களில் மனம் மேலே ஏறும். அப்போது தூக்கம் வேண்டியிராது, சோறு வேண்டியிராது, பேச்சு நிற்காது. பிறகு ஒருநாள் இறங்கும். இறங்கிவிட்டால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். பல் தேய்க்க எழுவதுகூடப் பெரும்பாடாகிவிடும்.

மகள் குழலியின் நிச்சயதார்த்தத்துக்கு அவர் மூன்று தெருவையும் அழைத்தார். வந்தவர்களை உட்காரவைத்து, ஆற்றை ஊருக்குள் திருப்பும் திட்டத்தை இரண்டு மணி நேரம் விளக்கினார். கல்யாணத்தன்று அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தாலி கட்டும்போது ஜன்னல் வழியாக மேளச் சத்தம் மட்டும் அவரிடம் வந்தது.

அதன் பிறகுதான் மடத்துக்கு வந்தார். எட்டு ஆண்டுகள் ஆயின. மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். மாத்திரைக்கு எட்டாத இடங்களை மடத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சமையல் செய்யும் கிட்டம்மாள் பாய்களைப் பார்ப்பாள். பகலில் எல்லோருடைய கோரைப்பாயையும் வெயிலில் போட்டெடுத்து, சுருட்டி, வாழைநாரால் கட்டிவைப்பது அவள் வேலை. அவள் முடிச்சு தனி முடிச்சு. மறுநாள் திருமேனியின் பாய் அந்த முடிச்சு கலையாமல் வந்தால், அவர் படுக்கவில்லை என்று பொருள். கையைத் துடைத்துக்கொண்டு நேராக அம்மையிடம் போவாள். அம்மை டாக்டருக்குப் போன் செய்வார்.

இறங்கும் நாட்கள் முத்தையனுடையவை. அவன் தோட்டக்காரன், அதிகம் பேசமாட்டான். ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு வந்து திருமேனியின் பாயருகே உட்கார்ந்து உரிப்பான். எழுந்திருங்கள் என்று சொல்லமாட்டான், எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டான். அவருடைய கைக்கு எட்டும்படி கொஞ்சம் வெங்காயத்தைத் தள்ளிவைப்பான். என்றாவது ஒருநாள் அவர் கை நீண்டு ஒன்றை எடுத்து உரிக்கும். அன்று சமையலறையில் பாயசம் இருக்கும். காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த ஆண்டு தேர்த் திருவிழாவில் பாடும் முறை திருமேனிக்கு வந்தது. அந்த ஊரில் தேருக்கு முன்னால் ஒருவர் தனியாகப் பாடிக்கொண்டு நடப்பது வழக்கம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். பாட ஒரே ஒருவர்.

குழலிக்குக் கடிதம் எழுதினார். வருகிறேன் அப்பா என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து கிட்டம்மாள் இரண்டு முறை அதை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் முறை, கடிதத்தையும் சேர்த்துத் துவைத்து வெளுத்துத் தருகிறேன் என்றாள்.

தேருக்கு ஏழு நாள் இருக்கும்போது அவருக்குத் தூக்கம் போனது.

போனதை அவர் உணர்ந்தார். ஆனால் குரல் அதற்கு முன் எப்போதும் அப்படி எழுந்ததில்லை. மேல் சுரங்களில் தயக்கமே இல்லாமல் போய் நின்றது. இப்போது சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள், பாட்டு போய்விடும். ஏழே நாள்தானே என்று நினைத்தார். முடிச்சைத் தானே அவிழ்த்தார். பாயை விரித்துக் கசக்கினார். காலையில் மற்றவர்களைப் போலவே கொண்டுபோய் வைத்தார்.

கிட்டம்மாள் பாயைப் பார்த்துச் சிரித்தாள். நல்லாத் தூங்கினீங்க போல என்றாள். ஆமாம் என்றார்.

மூன்று நாள் அப்படிப் போனது. அன்று பாடம் முடிந்ததும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். திருமேனி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இவங்க எல்லாரும் என்னைப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. இது எப்ப முடியும்? நான் எப்ப என் காலால நிப்பேன்?"

அம்மை எழுந்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, தேரடிக்குப் போய்வரலாம் என்றார்.

தேர் கொட்டகையிலிருந்து வெளியே வந்து வெயிலில் நின்றது. மேலே ஆட்கள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே, சக்கரத்தின் நிழலில், பெரியாண்டி உட்கார்ந்து புளியமரக் கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஓடும் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் அவர். முப்பது ஆண்டாக அதே வேலை.

அம்மை அவரிடம் திருமேனியைக் காட்டி, இந்த வருஷம் இவர்தான் பாடுகிறார் என்றார்.

"அப்படியா? முன்னால போறவரு. எங்க மூஞ்சியெல்லாம் ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க சக்கரத்துக்கிட்ட கிடப்போம்."

திருமேனி ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கை வேண்டியிருந்தது. பேச்சு அவருக்குத் தானாக வந்தது: எத்தனை கட்டை, என்ன சரிவு, சக்கரத்தின் விட்டம் எவ்வளவு, கட்டையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் பாதி ஆட்கள் போதுமே. பெரியாண்டி செதுக்குவதை நிறுத்தாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில், எப்போது கட்டை போட வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று அம்மை கேட்டார்.

"தேரே சொல்லும்மா. வேகம் எடுக்கறப்ப அச்சு முனகும். அந்தச் சத்தத்துலேயே காதை வெச்சுக்கிட்டு நடக்கணும். பார்த்தெல்லாம் போட முடியாது. பார்க்கறதுக்குள்ள சக்கரம் தாண்டிடும்."

"முனகாம இருந்தா?"

பெரியாண்டி உளியைக் கீழே வைத்தார்.

"அதுவும் ஒரு வருஷம் நடந்துச்சு. பெரிய மனுஷங்க யாரோ வர்றாங்க, தேர் இப்படிக் கத்திக்கிட்டுப் போனா ஊருக்குக் கௌரவமான்னு நிர்வாகத்துல ஒருத்தருக்குத் தோணிடுச்சு. அச்சுல எண்ணெயும் கொழுப்புமா அப்பிட்டாங்க. அடடா, என்ன அழகு தெரியுமா ஐயா. பல்லக்கு மாதிரி போச்சு. சனம் எல்லாம் கன்னத்துல போட்டுக்கிச்சு. நான் கட்டையோட நடந்துக்கிட்டே இருக்கேன், காதுல ஒண்ணும் விழல. தெற்கு வீதி முனையில திரும்ப வேண்டியது, திரும்பாம நேரா வெத்தலைக் கடைக்குள்ள போயிடுச்சு."

"யாருக்காவது அடியா?" என்று திருமேனி கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கடைக்காரர் வெத்தலை கிள்ளத் தோட்டத்துக்குப் போயிருந்தாரு, பிழைச்சாரு. எங்க அண்ணனுக்குக் கால் போச்சு. பக்கத்துல கட்டையோட நின்னது அவருதான்."

மேலே ஒருவன் கயிறு கேட்டுக் கத்தினான். பெரியாண்டி மறுபடி உளியை எடுத்தார். வாசனையான மரச்சீவல்கள் திருமேனியின் காலடியில் விழுந்துகொண்டிருந்தன. அவர் கையிலிருந்த கட்டையை மெதுவாகத் தரையில் வைத்தார். சட்டைப் பையைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

"அம்மை."

"சொல்லுங்க."

"நான் மூணு நாளாத் தூங்கல. முடிச்சை நானே அவுத்தேன்."

அம்மை சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அம்மைக்கு அது அதுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தே திருமேனிக்கு அது புரிந்தது.

"குழலி வர்றா" என்றார்.

"ம்."

"பாட வேண்டாம்னு சொல்வீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை."

தேர் அவர்களுக்கு மேலே உயர்ந்து நின்றது. திருமேனி அதை உச்சிவரை பார்த்தார். இறங்கி வந்த பார்வை சக்கரத்தில் நின்றது.

"மூணேகால் மணி பஸ் இருக்கு. இப்பக் கிளம்பினா டாக்டரைப் பார்த்துடலாம்" என்றார்.

பஸ்ஸில் அவர் ஓயாமல் பேசினார். அம்மை கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் திருமேனி பேச்சை நிறுத்தி, நான் ரொம்பப் பேசறேன் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மை. இருவரும் சிரித்தார்கள்.

தூக்கம் போய்ப் பத்து நாள் ஆனபின் நாலு பேர் பிடித்து இழுத்து வருகிறவர்களைத்தான் பார்த்துப் பழக்கம், தானாக நடந்து வந்து உட்காருகிறவரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன் என்றார் டாக்டர். மாத்திரையைக் கூட்டினார். மேளமும் கூட்டமும் வெயிலும் இந்த முறை வேண்டாம் என்றார். திருமேனி தலையை அசைத்தார். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செய்தி மடத்துக்கு அவர்களுக்கு முன்பே போய்விட்டது. கிட்டம்மாள் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள். எட்டு வருஷத்தில் தன் முடிச்சை ஏமாற்றிய ஒரே ஆள் இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். திட்டுகிறாளா மெச்சுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவருக்கு மட்டும் குழைய வடித்த சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

அடுத்த நான்கு நாளும் திருமேனி பகலும் இரவுமாகத் தூங்கினார்.

தேரன்று மடத்து வாசல் நிழலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். மருந்தின் பாரத்தில் இமை தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. முத்தையன் பக்கத்தில் தரையில் முறத்தோடு இருந்தான். மேற்கு வீதியில் தேர் தெரிந்தது. அச்சு முனகுவது அங்கிருந்தே கேட்டது. அதற்கு முன்னால் மடத்தின் வேறொரு மாணவர் பாடிக்கொண்டு வந்தார்.

குழலி அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள். பாடுகிறவரைப் பார்த்தாள். வாசலில் நாற்காலியைப் பார்த்தாள். அவள் முகம் கல்யாணத்தன்று இருந்த முகமாக மாறியது.

"என்னப்பா, இந்தத் தடவையும் முடியலையா?"

திருமேனி நிமிர்ந்து உட்கார முயன்றார். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"யாரும் கண்டுபிடிக்கலைம்மா. நானே சொன்னேன்."

குழலிக்குப் புரியவில்லை. முத்தையன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்காரவில்லை. உள்ளே போய் அம்மையைத் தேடினாள். அம்மை கூடத்தில் மற்ற மாணவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் அம்மை சொன்னார். பாய், முடிச்சு, தேரடி, பஸ். குழலி கேட்டுவிட்டு வாசல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே தேர் மடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது.

"ஆனாலும் முன்னால நின்னு பாடியிருந்தா அப்பாவுக்கு எவ்வளவு பெருமையா இருந்திருக்கும்" என்றாள்.

அம்மை சொம்பைக் கீழே வைத்தார்.

"பாடறவங்க இந்த மடத்துல பதினோரு பேர் இருக்காங்கம்மா. யாரும் கேக்காம, தானா வந்து சொன்னவர் இவர் ஒருத்தர்தான்."