நிற்கிற வண்டியின் கரி

தார் போன்ற கரி, பித்தளைக் கம்பியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தனிஸ்லாஸ் அதைப் பழந்துணியில் துடைத்துவிட்டு மறுபடி கார் இன்ஜின் வால்வின் முதுகைச் சுரண்டினார். இசக்கியம்மாள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.

பட்டறை அவளுடையது. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் மேஸ்திரி என்றுதான் அவர் கூப்பிடுவார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் டீசல் இன்ஜினைப் பார்த்து ஓய்வு பெற்றவர், பெட்ரோல் இன்ஜின் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். எதிர் டீக்கடையில் அவருக்கு அப்ரண்டிஸ் தாத்தா என்று பெயர். அவர் கற்க வந்ததே இந்த ஒரு காருக்காகத்தான். கார் அவர் மனைவி ரோஸ்லினுடையது. ரோஸ்லின் மஸ்கட்டில் நர்ஸ்.

போன மழைக்காலத்தில்தான் இதே வால்வுகளை இரண்டு பேருமாகச் சுத்தம் செய்திருந்தார்கள்.

"இது திரும்பத் திரும்ப வராம இருக்க என்ன செய்யணும், மேஸ்திரி?"

"நீங்க என்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

ஆயிலை நேரத்துக்கு மாற்றியதைச் சொன்னார். நல்ல பெட்ரோல்தான் போடுகிறார். டேங்கில் ஊற்றுகிற மருந்து ஒன்றைக் கடைக்காரன் கொடுத்தான், அதையும் ஊற்றிப் பார்த்தார்.

"பழைய இன்ஜின்ல பெட்ரோல் வால்வு மேல பட்டு, கழுவிக்கிட்டே உள்ள போவும்" என்றாள். "இதுல நேரா உள்ளயே பீச்சிடுது. வால்வு மேல படுறது காத்தும் ஆயில் ஆவியும் மட்டும்தான். தொடாத இடத்துக்கு மருந்து எப்படி எட்டும்?"

அவர் அடுத்த வால்வைச் சுரண்டினார்.

அவள் கதவைத் திறந்து சாவியைத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்தாள். கிலோமீட்டர் போன தடவை பார்த்த இடத்திலேயே நின்றது. அடுத்த தெருவில் இருக்கிற அவர் வீட்டிலிருந்து இங்கே வந்த தூரம் மட்டும் கூடியிருந்தது.

"வண்டியை எடுக்கதே இல்லையா, அண்ணாச்சி?"

"தினமும் காலைல ஸ்டார்ட் பண்ணுதேன். ஒரு பத்து நிமிஷம்."

"ஸ்டார்ட் பண்ணி?"

"போர்ட்டிகோலயே நிக்கும்."

அவள் டார்ச்சை அணைத்தாள். அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரோஸ்லின் டியூட்டிக்குக் கிளம்பும் முன் அவர் போன் செய்வார். வண்டியைக் கிளப்பி, போனை பானட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பார். நல்லாருக்கு என்பாள் அவள். அவ்வளவுதான். அவள் திரும்பி வரும் நாள் மூன்று தடவை தள்ளிப் போய்விட்டது. வந்து இறங்கியதும் சாவியை வாங்கி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி, விட்டுப்போனது விட்டுப்போனபடி வண்டி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

போன வாரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வண்டி இருமுதே, என்ன பண்ணுனீங்க என் வண்டியை என்று ரோஸ்லின் சிரித்தாளாம். பிறகு டியூட்டிக்கு நேரமாச்சு என்று பேச்சை முடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சத்தத்தைக் கேட்கவே இல்லை. அவராகப் போனைக் கொண்டுபோனாலும், இருக்கட்டும், வெளிய வெயில்ல நிக்காதீங்க என்று வைத்துவிடுகிறாள்.

"சத்தம் சரியாயிட்டா கேப்பா" என்றார்.

நாலு சிலிண்டரையும் முடித்துக் கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்ட மதியம் ஆகிவிட்டது. அவளே சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பதறாமல், ஒரே சீராக ஓடியது.

தனிஸ்லாஸ் கையைத் துடைத்துவிட்டு அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குள் இசக்கியம்மாள் இன்ஜினை அணைத்துவிட்டாள்.

"ஏன் மேஸ்திரி?"

"போர்ட்டிகோல நிறுத்தி வச்சு நீங்க அவங்களுக்குக் கேக்க வச்ச சத்தம் பூராவும்தான் அண்ணாச்சி, காலைலேருந்து நீங்க சுரண்டுனது."

அவர் துணியில் கிடந்த கரியைப் பார்த்தார்.

"ஓட்டுனா வராதா?"

"ஓட்டுனாலும் வரும். மெதுவா வரும். சூடேறி நல்லா ஓடுற வண்டியில அவ்வளவு அப்பாது."

"அவ விட்டுட்டுப் போன மாதிரி இருக்காதே."

"இப்பவும் அப்படி இல்லையே."

டீக்கடையிலிருந்து யாரோ, அப்ரண்டிஸ் பாஸாயிட்டாரா என்று குரல் கொடுத்தார்கள். அவர் திரும்பவில்லை.

"அப்போ நாளைக்கு அவளுக்கு எதைக் கேக்க வைக்க?"

"அவங்களுக்கு எந்த ஊரு?"

"மணப்பாடு."

"அங்க போயிட்டு வந்து எம்புட்டு நாளாச்சு?"

"அவ இல்லாம நான் எதுக்கு அங்க போவேன்?"

இசக்கியம்மாள் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்பமே கிளம்புங்க. அங்க போயி வண்டியை அணைச்சுட்டு, போன் பண்ணுங்க. அவங்க ஊருக் கடலைக் கேக்கட்டும்."

தனிஸ்லாஸ் காரில் ஏறினார். ரோஸ்லின் குள்ளம். ஸ்டீயரிங்கை ஒட்டிக் கிடந்த சீட்டில் அவருடைய முழங்கால் இரண்டும் மேலே இடித்தன. அவள் வைத்துப்போன இடத்தை மாற்றாமல்தான் அடுத்த தெருவிலிருந்தும் ஓட்டி வந்திருந்தார். இப்போது குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தடவிப் பிடித்துத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளினார்.